‘வர மறுத்தார்’ என்று எழுதுவதற்கு முன்

சென்னையில் வீடற்றோர் காப்பகங்களை நடத்துகிறவர்களுக்கும், மழை இரவுகளில் நடைபாதையில் படுத்திருப்பவர்களை அழைத்துப்போக வண்டியோடு வருகிறவர்களுக்கும் வணக்கம்.

உங்கள் பதிவேட்டில் அடிக்கடி வரும் ஒரு வரியைப் பற்றித்தான் இந்த மடல். ‘அழைத்தும் வர மறுத்துவிட்டார்.’ பெயர் தெரிந்தால் பெயர், தெரியாவிட்டால் ‘ஆண், சுமார் 60’, இடம், நேரம், பிறகு இந்த வரி. உங்களோடு போர்வை மூட்டை தூக்கிக்கொண்டு நடந்தவர்களில் நானும் ஒருவன். அதனால் அந்த வரி எப்படி எழுதப்படுகிறது என்று தெரியும். எழுதுகிறவர் பொய் சொல்வதில்லை. கூப்பிட்டது உண்மை, வராததும் உண்மை. ஏன் வரவில்லை என்பதற்கு மட்டும் அந்தத் தாளில் இடம் கிடையாது.

காரணங்கள் பல உண்டு. குடி. புருஷன் ஒரு காப்பகத்திலும் பெண்டாட்டி வேறொரு காப்பகத்திலும் படுக்க வேண்டியிருப்பது. விடிவதற்கு முன்பே மூட்டை தூக்கக் கோயம்பேட்டில் நிற்க வேண்டியிருப்பது. இவற்றையெல்லாம் நீங்கள் உங்கள் கூட்டங்களில் பேசுகிறீர்கள், தெரியும். பேசாத காரணம் ஒன்று அவர்களின் காலடியில் சாக்கின் மேல் சுருண்டு கிடக்கிறது. வண்டியின் வெளிச்சம் பட்டதும் அதுதான் முதலில் எழுந்து குரைக்கிறது. நம்மில் யாராவது ஒருவர் ‘ச்சீ, போ’ என்று காலைத் தரையில் தட்டி விரட்டுகிறோம். பேச்சு அங்கேயே முடிந்துவிடுகிறது. அதன் பிறகு கட்டில், மின்விசிறி, மூன்று வேளைச் சாப்பாடு என்று நீங்கள் அடுக்குகிற எதுவும் அந்த மனிதர் காதில் ஏறுவதில்லை.

‘நான் வந்துட்டா இது எங்க போகும்?’ என்று சிலர் வாய்விட்டே கேட்டுவிடுகிறார்கள். பெரும்பாலானவர்கள் அதைக்கூடக் கேட்பதில்லை. கேட்டால் சிரிப்போம் என்று அவர்களுக்குத் தெரியும். ‘இல்லீங்க, நான் இங்கயே இருந்துக்கிறேன்’ என்பதோடு போர்வையை இழுத்துக்கொள்கிறார்கள். நாம் அதைப் பிடிவாதம் என்கிறோம்.

2015 டிசம்பர் வெள்ளத்தை நினைத்துப் பாருங்கள். முதல் தளம் வரை தண்ணீர் வந்த பிறகும், வீட்டு நாயை ஏற்றிக்கொள்ளாத படகில் ஏற மாட்டோம் என்று மொட்டை மாடியிலேயே நின்றவர்கள் இந்த ஊரில் இருந்தார்கள். அதைப் பாசம் என்றோம். சொந்தக்காரர்களிடம் சொல்லிச் சொல்லி நெகிழ்ந்தோம். மொட்டை மாடி இல்லாதவர் அதையே செய்தால் வேறு பெயர் வைப்பது என்ன நியாயம்?

நான் முதலில் பேச விரும்புவது தூக்கத்தைப் பற்றி. வீட்டுக்குள் படுக்கிற நமக்குத் தூக்கம் என்பது கண்ணை மூடுவது. நடைபாதையில் அதற்கு ஒரு காவல் வேண்டும். தலைக்கு அடியில் வைத்த பையில்தான் ஆதார், ரேஷன் கார்டு, கைபேசி, அன்றைய கூலி எல்லாம் இருக்கின்றன. அது போனால், நீங்கள் ஓடியோடி வாங்கிக்கொடுத்த அடையாளமெல்லாம் போயிற்று. பெண்ணாக இருந்தால் பை மட்டுமா கவலை? நள்ளிரவுக்கு மேல் குடித்துவிட்டு வருகிறவன், பைக்கை ஓரமாக நிறுத்திவிட்டு இருட்டில் நிற்கிறவன், போர்வையைத் தொட்டுப் பார்க்கிறவன், இவர்களுக்கு எதிராக அவளுக்குக் கதவு உண்டா, தாழ்ப்பாள் உண்டா? பத்தடி தூரத்திலேயே உறுமுகிற ஒரு நாய் உண்டு. தனியாகப் படுக்கும் பெண்களிடம் கேட்டுப் பாருங்கள். தூங்க முடிகிறது என்பதைத்தான் முதலில் சொல்வார்கள். அன்பு, பாசம் என்ற பேச்சு பிறகுதான் வரும்.

பாசமும் உண்டுதான். அம்மா உணவகத்தில் மூன்று ரூபாய்க்குத் தயிர் சாதம் வாங்கி, தட்டில் ஒரு மூலையை ஒதுக்கி வைப்பவரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். டீக்கடையில் தனக்கு ஒரு டீ, அதற்கு ஒரு பொறை. கோழிக்கடையில் தலையும் காலும் கேட்டு வாங்கி, பழைய பெயிண்ட் டப்பாவில் வேகவைத்துக் கொடுப்பவர்கள் உண்டு. சிந்தாதிரிப்பேட்டை மீன் மார்க்கெட் பக்கம் போனால் பூனைகளோடு இதே கணக்கு. நாயை வைத்தே இந்த மடலை எழுதுகிறேன் என்றாலும் பூனைக்காரர்களும் இதில் சேர்த்தி.

சுளீரென்று உறைத்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நாயோடு நடைபாதையில் படுக்கும் ஓர் அம்மா உங்கள் பதிவேட்டில் ‘பெண், சுமார் 55’. அவருடைய நாய்க்கு மட்டும் மணி என்று பெயர் இருக்கிறது, வைத்தது அவர்தான். கால் ஒடிந்து சாக்கடை ஓரம் கிடந்த குட்டியைத் தூக்கி வந்த நாள், அது எதைத் தின்னும், எதைத் தின்னாது, எந்தப் பட்டாசுச் சத்தத்துக்கு எங்கே போய் ஒளியும், எல்லாம் அவருக்குத் தெரியும். மகன், மருமகள், ஊர் எதையும் பற்றி வாய் திறக்காதவர் மணியைப் பற்றிக் கேட்டால் அரை மணி நேரம் பேசுகிறார். உளவியல் ஆலோசனை தருகிறோம் என்று உங்கள் திட்ட அறிக்கையில் எழுதுகிறீர்களே, பேச்சுக்கொடுக்க இதைவிட நல்ல இடம் எது?

‘தனக்கே சோறில்லை, நாய் ஒரு கேடா?’ என்ற கேள்வியை வழியில் போகிறவர்கள் கேட்கிறார்கள். உங்களிலும் சிலர் கேட்கிறீர்கள். விலை கொடுத்து வாங்கி வந்த நாயாக இருந்தால் அந்தக் கேள்விக்கு ஒரு அர்த்தமாவது இருக்கும். அதே மேம்பாலத்தின் அடியில் பிறந்து, அதே மழையில் நனைந்து, ஒரே எச்சில் இலைக்குப் போட்டி போட்டு, கடைசியில் பக்கத்தில் வந்து படுத்த நாய் இது. அமெரிக்காவில் லெஸ்லி இர்வின் என்ற சமூகவியல் பேராசிரியர், தெருவில் வாழ்கிறவர்களையும் அவர்களின் பிராணிகளையும் பல ஊர்களில் பார்த்துப் பேசி 2013-ல் ஒரு புத்தகம் எழுதினார். ‘என் நாய்தான் முதலில் சாப்பிடும்’ என்பது அதன் தலைப்பின் பொருள். கேள்வி கேட்கிறவர்களுக்கு அவர்கள் திரும்பத் திரும்பச் சொன்ன பதில் அதுதான். நம் ஊர் பிளாட்பாரத்திலும் இதே பதிலைத்தான் கேட்கிறேன். யாரும் யாரிடமும் கற்றுக்கொண்டு சொல்வதாகத் தெரியவில்லை.

இனி சட்டத்துக்கு வருகிறேன். இந்தப் பகுதியில்தான் உங்கள் உதவி உடனே தேவை. 2025-ல் சென்னை மாநகராட்சி வளர்ப்பு நாய்களுக்கு உரிமத்தையும் மைக்ரோசிப்பையும் கட்டாயமாக்கியது. உரிமக் கட்டணம் 50 ரூபாய்தான். எடுக்காவிட்டால் அபராதம் 5,000 ரூபாய். திட்டம் நல்லது, தடுப்பூசி போட்ட நாய் எது, யாருடையது என்று தெரிந்தால் எல்லோருக்கும் நிம்மதி. ஆனால் விண்ணப்பத்தில் உரிமையாளரின் முகவரிக்குச் சான்று கேட்கிறார்கள். மணியின் சொந்தக்காரருக்கு முகவரி ஏது? முகவரி இல்லாததால் உரிமம் இல்லை. உரிமம் இல்லாததால் சட்டத்தின் கண்ணில் மணி அவருடைய நாய் இல்லை, தெரு நாய். ஒருத்தி தன் சோற்றைப் பங்கு போட்டு எட்டு வருடம் வளர்த்தாலும் தெரு நாய்.

தெரு நாயாக இருந்தாலும் முன்பு ஒரு பாதுகாப்பு இருந்தது. பிடித்துக் கொல்வதை விட்டுவிட்டு 1996-ல் கருத்தடைக்கு மாறிய ஊர் இது. 2023-ன் விலங்குகள் இனக்கட்டுப்பாட்டு விதிகளின்படி, பிடித்துச் சென்ற நாயைக் கருத்தடையும் தடுப்பூசியும் முடித்து, பிடித்த இடத்திலேயே கொண்டுவந்து விட வேண்டும். காதில் ஒரு வெட்டோடு மணி சில நாளில் திரும்பி வந்துவிடும். 2025 ஆகஸ்ட் 22-ல் உச்ச நீதிமன்றமும், வெறிநோய் கண்டதையும் மூர்க்கமானதையும் தவிர மற்றவற்றை அதே இடத்தில் விடச் சொன்னது. பிறகு நவம்பர் 7-ல் வந்த உத்தரவு வேறு. பள்ளி, கல்லூரி, மருத்துவமனை, விளையாட்டு மைதானம், பேருந்து நிலையம், ரயில் நிலையம் ஆகியவற்றின் வளாகங்களில் பிடிக்கும் நாய்களைத் திரும்ப அங்கே விடக் கூடாது, வேறிடத்தில் அடைத்து வைக்க வேண்டும்.

அந்தப் பட்டியலை மறுபடி ஒருமுறை வாசியுங்கள். நம் ஆட்கள் படுத்திருக்கும் இடங்களின் பட்டியலும் கிட்டத்தட்ட இதுதானே? சென்ட்ரல், எழும்பூர், கோயம்பேடு, பெரிய ஆஸ்பத்திரிகளின் மதில் ஓரம். மதிலுக்கு வெளியே மனிதர் படுத்திருப்பார், நாய் உள்ளே நிழலுக்குப் போய்ப் படுக்கும். வண்டி வந்து தூக்கினால் இனி திரும்பி வராது. எங்கே கொண்டுபோனார்கள் என்று யாரிடம் போய்க் கேட்பார்? கேட்டாலும் ‘உன் நாய் என்பதற்கு என்ன அத்தாட்சி?’ என்ற கேள்வியைத் தாண்ட முடியாது.

அந்த உத்தரவின் பின்னால் நியாயமான பயம் இருக்கிறது, அதை மறைத்துப் பேச எனக்கு விருப்பமில்லை. வெறிநோய் (ரேபிஸ்) அறிகுறி காட்டிய பிறகு பிழைப்பது அநேகமாக இல்லை. கடிபடுகிறவர்களில் குழந்தைகள் அதிகம். தரையில் படுக்கிற குழந்தையின் முகம் நாயின் வாய் உயரத்தில் இருக்கிறது. எனவே நாய்க்கடிக்கு நம்மைவிட அதிகம் ஆளாகக்கூடியவர்களும் நடைபாதைக் குடும்பங்கள்தான். 2018-ல் சுமார் 57,000 என்று எண்ணப்பட்ட தெருநாய்கள் 2024 கணக்கெடுப்பில் 1.81 லட்சம் ஆகிவிட்டன. எண்ணிய முறை வேறாக இருந்திருக்கலாம். ஆனாலும் சின்ன எண் இல்லை. நாயைப் பற்றிப் பேசினாலே சீறுகிற நாய்ப் பிரியர்களோடு எனக்கு இந்த இடத்தில் ஒத்துப்போகாது.

அந்தப் பயத்தையே எடுத்துக்கொண்டு யோசியுங்கள். வலை வீசி, துரத்தி, ஊசி போட முடியாமல் தப்பவிடுகிற நாய்கள் எவை? ஆள் இல்லாதவை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் வந்து மடியில் தலை வைக்கிற நாய்க்கு ஊசி போட ஒரு நிமிடம் போதும். கடித்த நாயைப் பத்து நாள் கண்காணிக்க வேண்டும் என்பது மருத்துவர்கள் சொல்கிற நடைமுறை. அது சாப்பிடுகிறதா, எச்சில் ஒழுகுகிறதா, குரல் மாறியிருக்கிறதா என்று பார்க்க யாராவது ஒருவர் அதன் கூடவே இருக்க வேண்டும். மணிக்கு அப்படி ஒருவர் இருக்கிறார், இருபத்துநான்கு மணி நேரமும். அந்த இருவரையும் பிரித்துவிட்டால் நகரத்துக்குத் தடுப்பூசி போட்ட நாய் ஒன்று குறைகிறது, காவலில்லாத ஒரு பெண் கூடுகிறாள். இதில் யாருக்கு லாபம் என்று எனக்குப் புரியவில்லை.

உடம்பு முடியாமல் போகும்போது இது இன்னும் மோசம். காலில் புண் அழுகி ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டவர், வார்டிலிருந்து சொல்லாமல் இறங்கி வந்துவிடுவார். டிஸ்சார்ஜ் சீட்டு இல்லை, மாத்திரை இல்லை, கட்டு நனைந்து நாறும். ஏன் வந்தீர்கள் என்றால், வாசலில் நாய் இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை என்று டீக்கடைக்காரர் சொல்லியனுப்பினாராம். அந்தக் காலை மீட்க நீங்கள் எவ்வளவு அலைந்தீர்கள்! நாலு நாளைக்கு அந்த நாய்க்கு ஒரு வேளைச் சோறு போட ஆள் இருந்திருந்தால் அலைச்சலே இருந்திருக்காது. ஒரு காப்பகத்தில் இதைச் சொன்னபோது, ‘சார், நாங்க மனுஷனைப் பாக்கறதா, நாயைப் பாக்கறதா?’ என்று கேட்டார்கள். ஆள் பற்றாக்குறையில் திண்டாடுகிறவர்களின் கேள்வி அது, எனக்குக் கோபம் வரவில்லை. பதில் மட்டும் இருக்கிறது. அந்த மனிதரைப் பார்க்கத்தான் நாயைப் பார்க்கச் சொல்கிறேன்.

வெளிநாட்டுக் கதை என்று ஒதுக்கிவிடாமல் இதையும் கேளுங்கள். 2005-ல் காத்ரீனா புயல் நியூ ஆர்லியன்ஸை மூழ்கடித்தபோது, மீட்க வந்தவர்கள் பிராணிகளை ஏற்க மாட்டோம் என்றதால் பலர் வெளியேறவே மறுத்தார்கள். அடுத்த ஆண்டே அமெரிக்காவில் ஒரு சட்டம் வந்தது. பேரிடர் மீட்புத் திட்டம் தீட்டுகிற மாநிலங்களும் ஊர்களும் வீட்டுப் பிராணிகளையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்றது அது. பாசத்தால் போட்ட சட்டம் என்று நான் நினைக்கவில்லை. நாயை விட்டால் மனிதரும் வரமாட்டார் என்ற கணக்கு. லண்டனில் 2016-ல் இரண்டு கால்நடை மருத்துவர்கள் தொடங்கிய ‘ஸ்ட்ரீட்வெட்’, தெருவில் இருப்பவர்களின் நாய்களுக்கு அந்தத் தெருவுக்கே போய் இலவச வைத்தியம் பார்க்கிறது. தங்கும் விடுதிகள் நாயோடு ஆட்களைச் சேர்த்துக்கொள்ளவும் பழக்குகிறது. கலிஃபோர்னியா 2019-ல், நாய் பூனைகளோடு வருகிறவர்களை ஏற்கும் காப்பகங்களுக்கென்றே நிதி ஒதுக்கியது. தருமர் நாயை விட்டுவிட்டுச் சொர்க்கத்துக்கு வர மாட்டேன் என்ற கதையை இங்கே இழுக்கப்போவதில்லை. காப்பகம் சொர்க்கம் இல்லை என்பது உங்களுக்கே தெரியும்.

உங்கள் கையில் இருக்கும் வழிகாட்டு நெறிகளையே எடுத்துக்கொள்வோம். தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின் காப்பக விதிகள் ஒரு லட்சம் மக்கள்தொகைக்கு நூறு பேர் தங்க இடம் கேட்கின்றன. ஒருவருக்கு 50 சதுர அடி என்கின்றன. சமையலறை, கழிப்பறை, பெட்டி வைக்க இடம் என்று நீளமாகப் பட்டியல் போடுகின்றன. தங்குகிறவர்களுக்கு அடையாளச் சான்றும் தபால் முகவரியும் கிடைக்க உதவ வேண்டும் என்றும் சொல்கின்றன. பிராணிகளைப் பற்றி நான் படித்தவரை ஒரு வரியும் இல்லை. சேர்க்கவும் சொல்லவில்லை, தடுக்கவும் இல்லை. அப்படியானால் முடிவு உங்களுடையது. ‘மேலிடத்து உத்தரவு’ என்று இதில் கை காட்ட முடியாது.

கேட்கவேண்டியதைக் கேட்டுவிடுகிறேன். உள்ளே கட்டிலுக்கு அருகில் நாயைப் படுக்க வையுங்கள் என்று கேட்கவில்லை. நாய்க்குப் பயந்தவர்கள், மூச்சிரைப்பு உள்ளவர்கள், குழந்தைகள் எல்லோரும் அதே கூரைக்கு அடியில் இருக்கிறார்கள். ஆண்டு முழுக்க எல்லாக் காப்பகத்திலும் செய்யுங்கள் என்றும் கேட்கவில்லை. இந்த வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால், காம்பவுண்டுக்குள் கொஞ்சம் வெறும் இடம் இருக்கிற ஏதாவது ஒரு காப்பகத்தைத் தேர்ந்தெடுங்கள். பெண்கள் காப்பகமாக இருந்தால் நல்லது, தேவை அங்கேதான் அதிகம். வாசலை ஒட்டித் தகரக் கூரை போட்டு, சங்கிலி மாட்ட வளையங்களும் ஒரு குழாயும் வையுங்கள். தடுப்பூசியும் கருத்தடையும் முடித்த நாய்க்கு மட்டும்தான் இடம் என்று கறாராகவே சொல்லுங்கள். சுத்தம் செய்வது, சோறு வைப்பது சொந்தக்காரர் பொறுப்பு என்று எழுதி வாங்குங்கள், அவர்கள் செய்வார்கள். ஊசிக்கு மாநகராட்சியின் செல்லப்பிராணி சிகிச்சை மையங்கள் இருக்கின்றன, வேப்பேரிக் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, 1959-லிருந்து புளூ கிராஸ் இருக்கிறது. போய்க் கேட்க ஒரு கடிதம் போதும்.

உரிம விண்ணப்பத்தில் காப்பகத்தின் முகவரியை எழுத அனுமதி கொடுங்கள், மண்டல அலுவலகத்தில் அதை ஏற்றுக்கொள்ளும்படி நீங்களே பேசுங்கள். எங்களைப் போன்றவர்கள் போய்ப் பேசினால் நாய்ப் பைத்தியம் என்று அனுப்பிவிடுவார்கள், நீங்கள் சொன்னால் கேட்பார்கள். அந்த 50 ரூபாய் அட்டை கையில் இருந்தால், நாய் வண்டிக்காரரிடம் ‘இது என்னுது’ என்று சொல்ல அந்த அம்மாவிடம் ஓர் அத்தாட்சி இருக்கும். ஆஸ்பத்திரியில் சேர்க்கிற ஒவ்வொருவரிடமும், கூட நாயோ பூனையோ இருக்கிறதா, யார் பார்த்துக்கொள்வார்கள் என்று கேட்டு அந்தப் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இரவு ரோந்துப் படிவத்தையும் திருத்துங்கள். ஆதார் இருக்கிறதா என்ற கேள்விக்கு முன்னால், ‘உங்களோடு யார் யார் இருக்கிறார்கள்?’ என்று ஒரு கட்டம் போடுங்கள். மணி என்றால் மணி என்று எழுதுங்கள். அதன் பிறகும் அவர் வரவில்லை என்றால், ‘வர மறுத்தார்’ என்ற வரிக்குப் பக்கத்தில் காரணத்தை எழுதுங்கள். ஒரு மழைக்காலம் முழுக்க அப்படி எழுதிவிட்டு, மார்ச்சில் அந்தத் தாள்களை எல்லாம் மாநகராட்சிக் கூட்டத்தில் வைத்தால், எத்தனை காப்பகத்தில் தகரக் கூரை வேண்டும் என்று அப்போது கணக்காகவே பேசலாம்.

எந்தக் காப்பகம் என்று முடிவு செய்ததும் சொல்லியனுப்புங்கள். தகரம், வளையம், தண்ணீர்த் தொட்டி, முதல் வருடத்து ஊசிச் செலவு எல்லாம் நாங்கள் திரட்டித் தருகிறோம். கூரை போட வருகிற ஆட்களோடு நானும் வருவேன்.

உங்களோடு இரவில் நடக்கிற ஒருவன்